கடைசி மணி நேரத்துக் கூலி

திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் உவமையைக் கோயில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பது எளிது. கொடைக்கானல் மேல்மலையிலுள்ள போளூரில், பூண்டு பிடுங்குகிறவர்களிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். விடியலில் வந்தவருக்கும் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கையில் வந்தவருக்கும் ஒரே கூலி என்று நான் கதையை முடித்ததும், ஒரு அக்கா நிமிர்ந்து கேட்டார்: "அப்ப நாளைக்குக் காலையில எவண்ணே வருவா?"

இதைவிட நேர்மையான விளக்கவுரையை நான் வாசித்ததில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேல்மலைப் பனியில் குனிந்து பிடுங்குகிறவருக்கு அன்றும் இன்றும் அன்றாடக் கூலிதான். அந்தக் கூலி அவருக்கு உருவகமல்ல, அரிசி. நாம் இந்த உவமைக்கு நிம்மதியாகத் தலையாட்டுகிறோம் என்றால், நம்மைக் கடைசியில் வந்தவராக வைத்துக் கேட்கிறோம் என்று பொருள். காலையிலேயே வந்தவராக வைத்துக் கேட்டால் எரிச்சல் வரும். வரத்தான் வேண்டும். கிருபை என்பது, பக்கத்தில் இருப்பவருக்கும் அதே அளவு கிடைக்கும்போதுதான் நமக்கு உறைக்கிறது.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன பலன் என்று பேதுரு கேட்ட பிறகுதான் மத்தேயுவில் இந்த உவமை வருகிறது. அவருக்குச் சொன்ன பதில் என்றே வைத்துக்கொள்ளலாம். அதே பேதுரு பல ஆண்டுகள் கழித்து, அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல ஒதுங்கிக்கொண்டார்.

பந்தியில் ஒதுங்குவது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்கர்கள் 1872இல் கட்டிய ஆலயத்துக்கு இரண்டு கூடங்கள், நடுவே சுவர். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார். பீடம் மட்டும் ஒன்று. 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் சுவர் இடிபட்டது. அது வேண்டும் என்றவர்கள் சென்னை உயர் நீதிமன்றம்வரை போனார்கள், கேட்டது கிடைக்கவில்லை.

அவர்களை வேஷக்காரர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தங்கள் பாவமன்னிப்பை அவர்கள் மெய்யாகவே நம்பியிருப்பார்கள். அடுத்த சாதிக்காரருக்கும் அது அதே விலைக்கு, அதாவது இலவசமாக, கிடைத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் முழங்காலிட்டவர்களிடம் போய், 'விசுவாசிகள் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்' என்று சொன்னால், எத்தனை தலைமுறைக்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சுவர் 38 வருடம் நின்றது, தானாக உதிரவும் இல்லை. அந்தியோகியாவில் பவுலும், பேதுரு மெதுவாகப் புரிந்துகொள்ளட்டும் என்று காத்திருக்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கேட்டார், கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அதை மறைக்கவும் இல்லை. குறையுள்ள விசுவாசியைப் பொறுத்துக்கொள்வது வேறு, அவர் எழுப்பிய சுவரைப் பொறுத்துக்கொள்வது வேறு. சபைகளில் நாம் பெரும்பாலும் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதன் பெயரைச் சூட்டுகிறோம்.

எருசலேம் சங்கத்தில் எழுந்து நின்று, யூதரோ புறஜாதியாரோ எல்லாருக்கும் கிருபையினால்தான் மீட்பு என்று பேசியவரும் இதே பேதுரு. அந்தப் பேச்சு முந்தியதா, அந்தியோகியாப் பந்தி முந்தியதா என்று வேத அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பேதுருவைத் தெரிந்தவர்களுக்கு இரண்டு வரிசையும் நம்பும்படியாகத்தான் இருக்கும்.