பெய்யாத மழையின் கணக்கு

திண்டுக்கல் மாவட்டத்தில் மழை பெய்தால் மறுநாள் பேப்பரில் பட்டியல் வந்துவிடும். வேடசந்தூருக்கு அதில் இரண்டு வரி. ஊருக்கு ஒன்று, புகையிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒன்று. காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து எடுத்த அளவு. சரி, பெய்யாத நாளில்? பட்டியலே கிடையாது.

வெள்ளம் ஒரே ராத்திரியில் வரும். பின்னாலேயே டி.வி. கேமராவும் வரும். வறட்சி நாள் நாளாகச் சேர்வது. இன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று அதைக் காட்ட முடியாது. அதனால் யாராவது ஒருத்தர் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. எப்போது சொல்வது நியாயம்?

2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சுமார் 62 சதவிகிதம் குறைந்தது. எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அன்றைய முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் அறிவித்தது 2017 ஜனவரி 10. நிலவரி தள்ளுபடி, நிவாரணம் எல்லாம் உண்டு. நல்லதுதான். ஐப்பசி மழையை நம்பிச் சோளம் விதைத்தவருக்கு அந்தச் சேதி பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் வந்தது!

அதிகாரிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ‘முன்னாடியே சொல்லி, அப்புறம் மழை கொட்டிட்டா? நிலத்தைத் தரிசா போட்டவனுக்கு யாருங்க பதில் சொல்றது?’ தவிர, வறட்சி என்று சொன்னால் கஜானா திறக்க வேண்டும். ஆதாரம் கேட்பார்கள்.

இங்கேதான் இரண்டு வேலைகளைக் குழப்பிக்கொள்கிறோம். நிவாரணம் கொடுக்க ஆதாரம் வேண்டும். எச்சரிக்க, தெரிந்ததை மறைக்காத மனசு போதும். அமெரிக்காவில் 1999 முதல் வாராவாரம் வியாழக்கிழமை வறட்சி வரைபடம் வெளியிடுகிறார்கள். அதில் முதல் படி வறட்சிகூட இல்லை. ‘வழக்கத்தைவிடக் காய்ந்திருக்கிறது’ என்று ஒரு மஞ்சள் நிறம், அவ்வளவே. அடுத்த வாரம் மழை பெய்து மஞ்சள் மறைந்தால், போன வாரம் சொன்னது பொய்யாகிவிடாது.

நம்மிடமும் அளவுகள் இருக்கின்றன. செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பயிரின் பசுமையைக் கணிக்கும் ஏற்பாடு 1989-லிருந்தே உண்டு. குடகனாற்றங்கரையில் இருப்பவருக்கு அது, ‘இந்த வருஷம் கடன் வாங்கிப் புதுசா போர் போடாதீங்க’ என்ற பேச்சாகப் போய்ச் சேர வேண்டும்.

அரைகுறையாகச் சொன்னால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்கிறார்கள். மானாவாரி விவசாயி வருஷா வருஷம் அரைகுறையாகத் தெரிந்துகொண்டுதானே விதைக்கிறார்? அவரையா பயந்தவர் என்பது!

நாளைக் காலை எட்டரைக்கு மழைமானி காலியாக இருந்தால், அதையும் பேப்பரில் போடுங்கள். ‘வேடசந்தூர்: பூஜ்யம். இதோடு இத்தனை நாள்.’ மீதிக் கணக்கை அவர் போட்டுக்கொள்வார்.