கையில் யென், வாயில் ஜப்பானியம்!

ஜப்பானிய மொழி படிக்க டோக்கியோவிலோ ஒசாகாவிலோ போய் இறங்கியிருக்கும் தம்பி, தங்கையே! கையில் காசு குறைவு என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால், உன் காசு விவகாரத்தை அடுத்தவர் வாயில் ஒப்படைத்துவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாயே, அதை இன்றோடு விடு!

நகராட்சி அலுவலகத்தில் சீனியர் பேசுவார், வங்கியில் ரூம்மேட் பேசுவான் என்றால், எந்த மொழிக்காகக் கடல் தாண்டினாய்? வாடகை ஒப்பந்தத்தில் திரும்பி வரும் முன்பணம் எவ்வளவு, திரும்பவே வராத 'ரெய்கின்' எவ்வளவு என்று நீயே கேள். தப்பும் தவறுமாகவாவது கேள்!

சாயங்காலம் இருட்டியபின் சூப்பர் மார்க்கெட் போய்ப் பார். ஊழியர் ஒருவர் ஸ்டிக்கர் கட்டோடு வந்து, மிச்சமிருக்கும் 'பெந்தோ' சாப்பாட்டுப் பெட்டிகள்மேல் 'ஹான்காகு', அதாவது பாதி விலை, என்று ஒட்டிக்கொண்டே போவார். அந்த இரண்டு காஞ்சி எழுத்துகளை வாசிக்கத் தெரிந்தவனுக்கு ராச்சாப்பாடு பாதி விலை. கல்லாவில் பை வேண்டுமா என்று கேட்பார்கள். 2020 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்குக் காசு. புரியாமல் தலையாட்டினால் சில யென் போகும்; போகட்டும். ஆனால் அந்தத் தலையாட்டல் பழக்கமாகிவிட்டால், நாளை வாடகை ஒப்பந்தத்துக்கு முன்னாலும் அப்படித்தான் ஆட்டுவாய்!

செலவு இருக்கட்டும், வரவுக்கு வருவோம். பகுதிநேர வேலைக்கு அனுமதி வாங்கிய மாணவர் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். இரண்டு இடத்தில் பார்த்தாலும் சேர்த்தே 28. 'கூடப் பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது' என்பவன் பேச்சைக் காதில் வாங்காதே. விசா நீட்டிப்பின்போது வருமானச் சான்றே காட்டிக்கொடுத்துவிடும். இரவு 10 மணிக்கு மேல் கூலி 25 சதவீதம் கூடுதல், உண்மைதான். அதற்காக உணவுத் தொழிற்சாலையில் விடிய விடிய வாய் திறக்காமல் நின்றுவிட்டு, காலை வகுப்பில் தூங்கி வழிவாயா? கூலி கொஞ்சம் குறைந்தாலும் கடைக் கல்லா வேலையைத் தேடு. அங்கே வரும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் உனக்கு ஆசிரியர், அதுவும் சம்பளத்தோடு!

ஜப்பானின் முதல் பெண் பத்திரிகையாளர் என்று போற்றப்படும் ஹானி மோதோகோ, 1904-இல் குடும்பங்களுக்கென்று 'ககெய்போ' என்ற வரவு செலவு நோட்டைக் கொண்டுவந்தார். அப்படி ஒன்று நீயும் வாங்கு. அன்றன்றைய ரசீதை எடுத்துவைத்து, ஜப்பானிய எழுத்திலேயே எழுது. முட்டையும் அரிசியும் ரயில் கட்டணமும் பாடப்புத்தகத்தைவிட வேகமாக மனதில் ஏறும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 'உன் வங்கிக் கார்டைக் கொடு, பணம் தருகிறேன்' என்று எவன் வந்தாலும் துரத்து! கணக்கை விற்பது அங்கே குற்றம். படிப்பும் விசாவும் சேர்ந்தே போய்விடும். ஊர் திரும்பும்போது நீயே வங்கிக்குப் போய், நீயே பேசி, கணக்கை முறையாக மூடிவிட்டு வா!