பேசா மதலையின் சம்மதம்

தன் சம்மதத்தைச் சொல்ல இயலாத ஓர் உயிருக்கு நாம் செய்யும் நன்மையில், அதன் பின்விளைவுக்குப் பொறுப்பாளி யார்? ஒலுவில் துறைமுகக் கரையில் நிற்போர் எவருக்கும் இவ்வினா எழும். 2013 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அத்துறைமுகம் மக்களுக்கு வேலையும் வாழ்வும் தரவென்றே கட்டப்பட்டது. ஆயினும் கடலுள் நீண்ட கல்லணைகள் கரையோரமாக நகரும் மணலை மறித்தன. துறைமுக வாயிலை மணல் அடைத்தது. வடபுறத்தில் நிந்தவூர் வரை கடல் நிலத்தை அரித்தது. நன்மை கருதிச் செய்ததன் தீங்கு, வேறோரிடத்தில், காலம் கடந்து தோன்றிற்று.

குழந்தையின் மூளையும் இவ்வாறு ஓயாது உருமாறும் ஒன்றே. முதல் மூன்றாண்டுகளில் நரம்பணுக்கள் வெகு விரைவாக ஒன்றோடொன்று இணைகின்றன. அவ்வேளையில் சத்திரசிகிச்சைக்காக முழு மயக்கம் கொடுத்தால் அவ்விணைப்புக் குலையுமா? பிறந்து ஏழு நாளான எலிக்குஞ்சுகளுக்கு ஆறு மணி நேரம் மயக்க மருந்துகள் கொடுத்த ஆய்வொன்று 2003 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அவற்றின் மூளையில் நரம்பணுக்கள் மடிந்தன. வளர்ந்தபின் அவை கற்பதில் பின்தங்கின. மூன்று வயதுக்குட்பட்டோருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ, பன்முறையோ மயக்கம் கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

அவ்வாறாயின் மயக்க மருந்தை விலக்கிவிடலாமா? விலக்கிய காலமும் இருந்தது. சிசுவுக்கு வலி தெரியாதென்று 1980 களிலும் மருத்துவர் பலர் நம்பினர். தசையைத் தளர்த்தும் மருந்தும் சிறிது வாயுவும் மட்டுமே பெற்ற சிசுக்கள், அசையவும் அழவும் இயலாமல் கத்திக்கு உட்பட்டன. ஒக்ஸ்போர்டில் ஆய்வு செய்த இந்திய மருத்துவர் ஆனந்தும் அவர்தம் தோழர்களும், குறைமாதக் குழந்தைகளுக்கு வலிநீக்கியும் சேர்த்துக் கொடுத்தால் சிகிச்சைக்குப் பின்வரும் இடர்கள் குறைவதை 1987 இல் காட்டினர். வலியும் வளரும் உயிரைத் தாக்குவதே. ஆகவே அச்சத்தால் சிகிச்சையை மறுப்பதும் தீங்கே.

2019 இல் வெளியான ஆய்வொன்று ஆறுதல் தருகின்றது. ஏழு நாடுகளில் குடலிறக்கச் சிகிச்சை பெற்ற 722 சிசுக்களில் ஒரு சாராருக்கு முழு மயக்கமும், மறுசாராருக்குக் கீழுடலை மட்டும் மரக்கச்செய்யும் ஊசியும் கொடுக்கப்பட்டன. ஒரு மணி நேரத்துக்குட்பட்ட அம்மயக்கம், ஐந்து வயதில் அவர்தம் அறிவுத்திறனில் வேறுபாடு எதனையும் காட்டவில்லை.

ஆனால் அவ்வேழும் செல்வ நாடுகள். அங்கே மருந்து மட்டுமா குழந்தையைக் காத்தது? உயிர்வளி, குருதியழுத்தம், சர்க்கரை, உடல்வெப்பம் ஆகியவற்றைக் கணந்தோறும் நோக்கும் தேர்ந்த கண்களும் கருவிகளும் உடனிருந்தன. ஒலுவில் மீனவன் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ ஓடுகின்றான். அரிய சிகிச்சையாயின் கொழும்புக்குச் செல்கின்றான். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையிலேயே அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. மருந்து உண்டா என்பதே வினாவாகிவிட்ட இடத்தில், எம்மருந்து மூளைக்கு நல்லதென்ற ஆராய்ச்சிக்கு ஏது இடம்?

தந்தை இடும் கையொப்பம் சம்மதத்தின் ஒரு பாதியே. மறுபாதியைச் சமுதாயம் இடுகின்றது. பொறுக்கக்கூடிய சிகிச்சையைப் பிற்போடுதலும், பல சிகிச்சைகளை ஒரே மயக்கத்தில் முடித்தலும் மருத்துவர் கடன். ஒவ்வோர் ஆதார வைத்தியசாலையிலும் மயக்க மருந்து நிபுணரையும் கருவிகளையும் வைத்தல் அரசின் கடன். அவற்றைக் கேட்டுப் பெறுதல் மக்களாகிய நம் கடன். கற்றலில் பின்தங்கும் பிள்ளையை மந்தனென்று ஒதுக்குமுன், அது மழலைப் பருவத்தில் கடந்துவந்த நோயையும் சிகிச்சையையும் கேட்டறிதல் ஆசிரியராகிய நம் கடன்.