விலகுதலும் தாங்குதலும்

அடி வாங்க வேண்டிய ஸ்தானத்தில் நிற்கிற ஒருவன் அடியிலிருந்து விலக முயல வேண்டுமா, அதைத் தாங்க முயல வேண்டுமா? கேள்வி பழையது. அரிஸ்டாட்டில் வீரத்தைப் பற்றிப் பேசும்போது துணிந்து பாய்வதைவிட, அச்சம் தருவதன் முன் நிலைத்து நிற்பதற்கே கூடுதல் மதிப்புத் தருகிறார். எனக்கு இந்தக் கேள்வி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் மூலம் வந்து சேர்ந்தது. விளையாட்டு என்பதால் அற்பமானது என்று ஒதுக்க நான் தயாராக இல்லை. வாழ்க்கையில் மங்கலாகக் கிடக்கிற சில தேர்வுகள் அங்கே எண்களாக, ஒளிந்துகொள்ள இடமில்லாமல் நிற்கின்றன.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற அந்த விளையாட்டு 2004 நவம்பரில் வெளியானது. 2008 நவம்பரில் வந்த 'ராத் ஆஃப் த லிச் கிங்' என்ற பகுதியில், பெரிய எதிரிகளைச் சந்திக்க 10 பேரோ 25 பேரோ கூட்டாகப் போக வேண்டும். பலர் தாக்குவார்கள். சிலர் காயம் ஆற்றுவார்கள், இவர்கள் ஹீலர்கள். ஒருவரோ இருவரோ எதிரியின் கோபத்தைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு அடி வாங்குவார்கள். அவர்களுக்கு டாங்க் என்று பெயர். பெயர் வைத்தவர்கள் நினைத்தது யுத்த டாங்கியை. நமக்கோ அந்தச் சொல்லைக் கேட்டதும் ஞாபகம் வருவது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. இந்தப் பிழைதான் நிஜத்துக்கு அருகில் இருக்கிறது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

கவசங்களில் கல் பதிப்பதற்கான குழிகள் 2007 ஜனவரியில் வந்த முந்தைய பகுதியிலேயே அறிமுகமாகிவிட்டன. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று குழிகளுக்கு நிறம் உண்டு. நிறத்துக்கு ஏற்ற கல் வைத்தால் சிறு வெகுமதி உண்டு. வெகுமதி வேண்டாம் என்பவர் எந்தக் கல்லையும் வைக்கலாம். ராத் காலத்துச் சிறந்த நீலக் கல் ஒன்று 30 ஸ்டாமினா தந்தது. அதாவது 300 உயிர்ப் புள்ளிகள். சிறந்த சிவப்புக் கல் ஒன்று அடியிலிருந்து விலகும் வாய்ப்பை அரை சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாகக் கூட்டியது. மஞ்சளைப் பற்றி அதிக வாதமில்லை. கேடயம் ஏந்தி நிற்கிறவனின் தற்காப்புத் திறன் 540ஐத் தொட்டுவிட்டால் எதிரியின் இரட்டிப்பு அடி அவன்மேல் விழாது. தொடாதவன் அந்த இடத்தில் நிற்க லாயக்கில்லாதவன். அது கடமை. கடமை முடிந்த இடத்தில்தான் தேர்வு ஆரம்பிக்கிறது: மீதிக் குழிகளில் சிவப்பா, நீலமா?

இந்தப் பகுதி 2022 செப்டம்பரில் 'கிளாசிக்' என்ற பெயரில் மீண்டும் வந்தபோது நான் கேடயம் ஏந்தி ஆடினேன். சிவப்பு வைத்தேன். கணக்கு என் பக்கம் இருப்பதாகத்தான் தோன்றியது. விலகிய அடியின் நஷ்டம் பூஜ்யம். நீலக் கல்லோ விழுகிற அடியில் ஒரு புள்ளியைக்கூடக் குறைப்பதில்லை. சண்டை முடிந்து கூட்டிப் பார்த்தால் சிவப்பு வைத்தவன்தான் குறைவாக வாங்கியிருப்பான். அப்போது நான் ஒப்புக்கொள்ளாத இன்னொரு காரணமும் இருந்தது. விலகுதலில் ஒரு நேர்த்தி இருக்கிறது. காயமில்லாதவனுக்கு வைத்தியம் வேண்டாம். அவன் யாருக்கும் கடன்பட்டவனில்லை. இந்தக் கடனற்ற நிலைதான் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் டாங்க் சராசரியால் சாவதில்லை, தொடர்ச்சியால் சாகிறான். எதிரி 2 வினாடிக்கு ஓர் அடி வீதம் அடிப்பதாக வைத்துக்கொள்வோம். 5 நிமிஷத்தில் 150 அடி. பாதி அடிகளிலிருந்து விலகுகிறவனுக்கு, எந்த இடத்திலிருந்து எண்ணினாலும் அடுத்த நான்கும் விழுவதற்கான வாய்ப்பு 16இல் 1. விலகும் வாய்ப்பை 60 சதவீதமாக்கினால் அது 39இல் 1 ஆகிறது. முன்னேற்றம்தான். ஆனால் அந்த 10 சதவீதத்துக்கு 20க்கும் மேற்பட்ட சிவப்புக் கற்கள் வேண்டும். போதாததற்கு, சேர்க்கச் சேர்க்க ஒவ்வொரு கல்லின் பலனும் தேய்ந்துகொண்டே போகும்படி விளையாட்டில் விதி இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும், 150 அடிகளுக்குள் நான்கு அடி தொடர்ந்து விழுவது ஒருமுறையாவது நடப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 90 சதவீதம். அந்த ஒருமுறை போதும். நான்காவது அடிக்குப் பிறகு ஒரு சொட்டு உயிரோடு நிற்பவனும், விழுந்துவிட்டவனும் சராசரிக் கணக்கில் ஒன்றுதான். கூட வந்த 24 பேருக்கு ஒன்றல்ல.

ஒரே இரவில் ஆறாவது முறையாக நாங்கள் மொத்தமாகச் செத்த பிறகு, எங்கள் ஹீலராக இருந்த பெண் கோபமில்லாமல் சொன்னார்: "நீங்க அடி வாங்காம இருக்கறது நல்லதுதாண்ணா. ஆனா எப்ப வாங்குவீங்கன்னு தெரியலயே. நீங்க விழற வேகத்துக்கு என் கை வரமாட்டேங்குது."

ஒரு மந்திரத்தைச் சொல்லி முடிக்க ஒன்றரை, இரண்டு வினாடியாவது வேண்டும். நீலக் கல் தருகிற உயிர் உண்மையில் அவகாசம்; இன்னொருவர் கை வந்து சேரும்வரை தொட்டி வற்றாமல் இருப்பதற்கான அவகாசம். தொட்டி தானாக நிரம்புவதில்லை. கீழே யாரோ மோட்டார் போட வேண்டும். நீலக் கல் வைக்கிறவன் தன்னால் தனியாக நிற்க முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறான். எனக்கு வராதது அந்த ஒப்புதல்தான்.

விளையாட்டை உருவாக்கியவர்கள் கண்டுகொண்டது இதைவிடக் கடுமையானது. டாங்குகள் விலகுவதில் தேர்ந்துவிட்டால், எதிரியிடம் அபாயம் மிஞ்சுவதற்கு விழுகிற அடியைப் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை. இவர்கள் விலக விலக அடி பருத்தது. 2008இல் சன்வெல் பிளாட்டோ என்ற களத்திலும், 2009 டிசம்பரில் ஐஸ்கிரவுன் சிட்டடெலிலும், விலகும் வாய்ப்பில் 20 சதவீதத்தை அவர்கள் ஒரேயடியாக வெட்டினார்கள். எப்போதாவது கொன்றுபோடும்படி அடிப்பதைவிட, அடிக்கடி, தாங்கும்படி அடிப்பது நியாயமானது என்பது அதன் தர்க்கம். எனக்கு இதிலிருந்து மிஞ்சியது ஒரு வாக்கியம். விலகிய அடிகள் மறைந்துபோவதில்லை. விழப்போகும் அடியில் போய்ச் சேர்ந்துகொள்கின்றன.

இந்த வாக்கியத்தை எழுதிய பிறகு விளையாட்டோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. என் தகப்பனார் இரண்டு வருஷம் டயாலிசிஸில் இருந்தார். வாரத்தில் மூன்று நாள். நான் விலகுவதில் கெட்டிக்காரன். வங்கியில் வருஷக் கணக்கு முடிப்பு, ஆடிட், ஆள் பற்றாக்குறை – ஒவ்வொன்றும் உண்மையான காரணம்; ஒவ்வொன்றும் ஒரு சிவப்புக் கல். போன நாட்களில் களைப்பில்லாத முகத்தோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சராசரி எடுத்தால் நல்ல மகன். எந்த நாளில் வருவேன் என்பதுதான் என் தங்கைக்குத் தெரியாது. நான் விலகிய நாட்களெல்லாம் எங்கே போயின என்பதை, அவர் போன பிறகு ஒருநாள் அவள் பேசிய பேச்சில் தெரிந்துகொண்டேன். எல்லாம் சேர்ந்து ஒரே அடியாக விழுந்தது. தாங்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் தாங்குதலே அறம் என்று முடித்துவிடலாமா? அதற்கும் தயக்கமாக இருக்கிறது. தாங்குகிறவர்களைத் தெய்வமாக்கிவிட்டு, அவர்கள் மேலும் தாங்கட்டும் என்று நகர்ந்துபோகிற பழக்கம் நமக்கு உண்டு. தாங்குகிறவனுக்கும் ஒரு மயக்கம் உண்டு. நீலக் கல் அடியைக் குறைப்பதில்லை என்று சொன்னேன். விழுந்த அடியை யார் ஈடுகட்டுகிறார்கள்? ஹீலர், தன் மந்திரசக்தியின் கையிருப்பிலிருந்து. எல்லாக் குழிகளிலும் நீலத்தையே திணித்து, தங்கள் உயிர் எண்ணின் பருமனைக் காட்டிப் பெருமைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் அகங்காரம்தான், செலவு மட்டும் இன்னொருவருடையது.

ராத் காலத்தில் ஹீலர்களின் கையிருப்பு சுலபத்தில் வற்றாது. ஆகவே நீலம் நியாயமாக இருந்தது. 2010 டிசம்பரில் 'கேட்டக்ளிசம்' வந்தபோது உயிர் எண்கள் பெருகின, கையிருப்பு அரிதாயிற்று. கேடயக்காரர்கள் மூன்றாவது வழியொன்றைத் தேர்ந்தார்கள்: விலக முடியாத அடி ஒவ்வொன்றையும் கேடயத்தில் வாங்கிக் குறைத்துக்கொள்வது. அதில் நேர்த்தியுமில்லை, தியாகமுமில்லை. அடி விழும், குறைந்து விழும், எவ்வளவு விழும் என்பது பக்கத்தில் நிற்கிறவருக்கு ஏறத்தாழத் தெரியும்.

எந்தக் கல் என்பதற்கு எக்காலத்துக்குமான விடை கிடையாது. கேள்விதான் மாறாமல் இருக்கிறது: என் தற்காப்பின் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது, அந்த ஆளுக்கு அது முன்கூட்டித் தெரியுமா? தற்காப்பு என்ற சொல்லில் 'தன்' இருப்பதால் அது தன்னைக் காத்துக்கொள்வது என்றே பொருள் கொண்டு பழகிவிட்டோம். டாங்க் விழுந்தால் எதிரி அடுத்துத் திரும்புவது கூட நிற்கிறவர்கள் பக்கம்தான்.

குழியில் புதுக் கல்லை வைத்தால் பழைய கல் அழிந்துபோகும், திரும்பக் கிடைக்காது. அந்த வாரமே சிவப்புக் கற்களை அழித்து நீலம் வைத்தேன். அடுத்த முறை அதே எதிரியிடம் முன்னைவிட அதிகமாகவே அடி வாங்கினேன். விழவில்லை. ஹீலர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

தங்கைக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பத்து மணிக்குப் போன் செய்கிறேன். சில வாரங்களில் திட்டுகிறாள். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.