கறுத்த ஒயிலுக்கு யார் சாட்சி?

டீசல் எஞ்சினில் புது ஒயில் ஊற்றி, திருகோணமலைப் பக்கத்துச் சல்லியிலிருந்து நிலாவெளிக்கு ஒரு தரம் போய்வந்து ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால், அது கறுத்துத்தான் வரும். டீசல் எரியும்போது உண்டாகும் கரியை வாங்கித் தன்னோடு வைத்திருப்பது அந்த ஒயிலின் வேலைகளில் ஒன்று. பெற்றோல் காரில் நிறத்தைக் கொண்டாவது ஓரளவு ஊகிக்கலாம். டீசலில் ஒயில் மாற்றினார்களா, மாற்றாமலே பில் போட்டார்களா என்று கண்ணால் சொல்ல வழியில்லை. டீசல் பில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுவதும் இப்படித்தான். சில நிமிட வேலை. செய்யாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. இன்றைய கொமன் ரெயில் எஞ்சின்களில் டீசல் 1,600 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. கார் டயரின் காற்றழுத்தத்தைப் போல எழுநூறு மடங்குக்கும் மேல். அத்தனை நுட்பமான இன்ஜெக்டருக்குள் தண்ணீர் போனால் துருவும் அரிப்பும் மெல்ல மெல்லத்தான் வேலையைக் காட்டும். வாகனம் நடுவழியில் நிற்கும் நாளில், பழி டீசல் அடித்த செட்டின்மேல் விழும்.

யாரும் பார்க்க முடியாத வேலையை ஒருவன் ஏன் ஒழுங்காகச் செய்யவேண்டும்? நம்மிடம் உடனே வரும் பதில், மேலே ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது. சல்லியில் அந்த ஒருத்தி கடலோரத்து முத்துமாரியம்மன். வாகனம் வாங்கினால் கோவில் வாசலில் மாலை போட்டுப் பூசை செய்வித்து, சில்லுகளுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு புறப்படுவது நம்மவர் வழக்கம். அதைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. ஆனால் பார்க்கிறாள் என்ற பயம் மட்டும் வேலையைச் சுத்தமாக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கண்காணிப்பை நம்பியதன் கதி என்ன என்பதை 2015 செப்டெம்பரில் உலகமே பார்த்தது. வொக்ஸ்வாகன் கொம்பனியின் டீசல் கார்களில் ஒரு மென்பொருள் இருந்தது. ஆய்வுகூடத்தில் புகைப் பரிசோதனை நடக்கிறது என்பதை அது உணர்ந்துகொள்ளும்; அப்போது மட்டும் நல்லபிள்ளையாக ஓடும். வீதிக்கு வந்தால் நைதரசன் ஒட்சைட்டுகளைச் சட்டம் விட்ட அளவைப் போல நாற்பது மடங்கு வரை கக்கும். உலகெங்கும் சுமார் 1 கோடி 10 இலட்சம் வாகனங்களில் இது பொருத்தப்பட்டிருந்தது. தர நியமங்கள் இல்லாத நாட்டில் நடந்ததல்ல இது. நியமங்கள் இருந்தன, எப்போது பார்க்கிறார்கள் என்பதை எஞ்சினுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். மனிதப் பரிசோதகர் கண்ணயரலாம், தெய்வத்தின் கண் அயராதே என்று ஆத்திகர் மறுப்பார். மெத்தச் சரி. ஆனால் கண்காணிப்புக்குப் பயந்தவன் காலப்போக்கில் கண்காணிப்பவரோடு பேரம்பேசவும் பழகிக்கொள்கிறான். வடிக்காத தண்ணீருக்கு ஒரு அர்ச்சனை, மாற்றாத ஒயிலுக்கு உண்டியலில் ஒரு தாள். பரிகாரம் உண்டு என்று நம்புகிற பயத்துக்குப் பல் கிடையாது.

நமது சைவத்திலேயே இதைவிட நல்ல பதில் இருக்கிறது. சேக்கிழார் சொல்லும் திருக்குறிப்புத்தொண்டர் காஞ்சியில் அடியாரின் உடை வெளுத்துக் கொடுத்தவர். குளிர்காலத்தில் மெலிந்த அடியார் ஒருவர் வருகிறார். அழுக்கேறிய கந்தையைத் தருகிறார். பொழுது சாயமுன் வேண்டும், இல்லாவிட்டால் குளிர் தாங்காது என்கிறார். தொண்டர் வாக்குக் கொடுக்கிறார். மழை விடாமல் பெய்கிறது, துணி காயவில்லை. குற்றம் மழையினுடையது, எந்தச் சேர்விஸ் நிலையமும் அந்தச் சாட்டோடு தப்பிவிடும். அவரோ ஒரு உடம்பைக் குளிரில் நடுங்கவிட்டேனே என்று துணி துவைக்கும் கல்லில் தலையை மோதுகிறார். வந்தவர் சிவன் என்பது பிறகு வெளிப்படுவது. தொண்டரை வருத்தியது தண்டனைப் பயமல்ல, தன் கையை நம்பிய இன்னொருவரின் உடம்பு. தொழில் தர்மத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

இதெல்லாம் மெக்கானிக்கின் தலையில் புண்ணியத்தைச் சுமத்தும் பேச்சு என்று ஒருவர் சொல்லக்கூடும். இவ்வளவு நேரத்துக்குள் இத்தனை வாகனம் என்று மேலிடம் கணக்கு வைத்தால், தண்ணீர் வடிக்கும் நிமிடங்களைத்தான் அவர் முதலில் விழுங்குவார். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி தடைப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடையில் பழைய வேன்களை இழுத்துப்பறித்து ஓட்டிய சொந்தக்காரர்களும் அடுத்த முறை பார்ப்போம் என்று பில்டரைத் தள்ளிப்போட்டார்கள். இந்த ஆட்சேபம் நியாயமானது, ஆனால் என் வாதத்தை அது முறிக்கவில்லை. வாக்குக் கொடுத்தவரும் வெளுத்தவரும் காஞ்சியில் ஒரே ஆள். இன்று வாக்குக் கொடுப்பவர் குளிரூட்டிய அறையிலும் வேலை செய்பவர் குழிக்குள்ளும் இருக்கிறார்கள். நேரத்தைக் குறுக்கியவருக்கே பழியில் பெரிய பங்கு.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினம். தொண்டர் நடுங்கும் உடம்பைக் கண்ணால் கண்டார். மெக்கானிக் வாகனத்தை மட்டும்தான் காண்கிறார். முகம் தெரியாதவருக்காக ஒருவர் வருந்தமுடியுமா? ஊர்க் கராஜில் இந்தச் சிக்கல் குறைவு, இந்த வேன் பள்ளிப்பிள்ளைகளை ஏற்றுவது என்று பாஸுக்குத் தெரியும். ஆனால் இன்ஜெக்டரைச் சோதிக்கும் கருவி அவரிடம் இராது. கருவி உள்ள பெரிய நிலையத்தில் வேலைச் சீட்டு இலக்கத்தகட்டையும் ஓடிய கிலோமீற்றரையும் கேட்கும். யார் ஏறிப்போகிறார்கள் என்று கேட்க அதில் ஒரு வரி சேர்ப்பதற்குக் காசு ஒன்றும் செலவில்லை.