கொடாததைக் கொள்ளல்: காவல் மென்பொருளும் அஸ்தேய விரதமும்

கணினியைக் காக்கவென்று நிறுவப்படும் வைரஸ் தடுப்பு மென்பொருள், உரியவர் கேளாமலேயே அவருடைய உலாவியில் ஒரு நீட்டிப்பையும், அதாவது உலாவிக்குள் குடியேறி அதன் பணிகளில் பங்குகொள்ளும் சிறு துணைநிரலையும், சேர்த்துவிடுவது நெடுநாளாக நடந்துவருகிறது. அதை அகற்றும் வழி தொழில்நுட்பச் செய்தியாகவே பேசப்படுகிறது. ஆயினும் அதற்கு முன்னதாக எழுவது, கொடுக்கப்பட்டது எது, எடுத்துக்கொள்ளப்பட்டது எது என்னும் அறவியல் கேள்வி. இக்கேள்வியை மிக நுணுகி ஆராய்ந்தவர்கள் சமண ஆசிரியர்கள்.

உமாஸ்வாதி இயற்றிய தத்துவார்த்த சூத்திரம் அஸ்தேயம், அதாவது கள்ளாமை என்னும் விரதத்தை விளக்குமிடத்து, திருட்டை ‘அதத்தாதானம்’, கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளுதல், என்று வரையறுக்கிறது. உரியவருக்கு ஏற்படும் இழப்பை அன்றி, அவர் கொடாமையையே இவ்வரையறை அளவுகோலாகக் கொள்கிறது. சர்வார்த்தசித்தி என்னும் தம் உரையில் பூஜ்யபாதர் இதற்கு ஒரு தடையை எழுப்புகிறார்: ஊருக்குள் நடக்கும் துறவி, எவரும் தமக்குக் கொடாத தெருக்களிலும் வாயில்களிலும் புகுகிறாரே, அவரும் கள்வர்தாமா? தெருவும் திறந்த வாயிலும் எல்லோருக்கும் பொதுவாக விடப்பட்டவை, ஆதலால் குற்றமில்லை. அதனாலேயே அத்துறவி மூடிய கதவுக்குள் புகுவதில்லை என்பது அவர் தரும் விடை.

உலாவியின் கதவு எப்போது மூடப்பட்டது என்பதைத் திட்டவட்டமாகச் சொல்ல முடியும். 2013இன் தொடக்கத்தில் வெளிவந்த குரோம் 25ஆம் பதிப்பு முதல், விண்டோஸ் கணினிகளில் வேறொரு மென்பொருள் ஓசையின்றிச் சேர்க்கும் நீட்டிப்பு, பயனர் வெளிப்படையாக இசையும்வரை முடங்கியே கிடக்கும் என்று விதிக்கப்பட்டது. 2015 டிசம்பரில் கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் டேவிஸ் ஓர்மண்டி, ஏவிஜி வைரஸ் தடுப்பியுடன் சேர்ந்து வந்த ‘வெப் டியூன்அப்’ நீட்டிப்பை ஆராய்ந்தபோது, குரோமின் தடைச் சோதனைகளைத் தாண்டும் வகையிலேயே அதன் நிறுவல்முறை சுற்றி வளைத்து அமைக்கப்பட்டிருந்ததாகவும், சுமார் 90 லட்சம் பேரின் உலாவல் வரலாறு பிற தளங்கள் படிக்கக்கூடிய நிலையில் இருந்ததாகவும் அறிவித்தார். காவலுக்கு வந்தவரே மூடிய கதவைச் சுற்றிவந்து உட்புகுந்தார் என்பது இதில் மிகவும் வருத்தத்துக்குரியது.

உள்ளே வந்தபின் எடுக்கப்படுவது எது என்பதற்கு அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2024இல் அவாஸ்ட் நிறுவனத்தின்மீது தொடுத்த நடவடிக்கை சான்றாகும். பயனர்களைக் கண்காணிப்பிலிருந்து காப்பதாகச் சொல்லப்பட்ட நீட்டிப்புகளின் வழியாகவும் வைரஸ் தடுப்பியின் வழியாகவும் அவர்களின் உலாவல் விவரங்கள் திரட்டப்பட்டு, ஜம்ப்ஷாட் என்னும் துணை நிறுவனத்தின் மூலம் 2014 முதல் 2020 வரை நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு விற்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. 1.65 கோடி டாலர் செலுத்தவும், விளம்பரத்துக்காக உலாவல் தரவை விற்காதிருக்கவும் நிறுவனம் பணிக்கப்பட்டது. அவ்விவரங்களிலிருந்து ஒருவருடைய நோய், அரசியல் சார்பு ஆகியவற்றோடு சமய நம்பிக்கையும் வெளிப்படக்கூடும் என ஆணையம் சுட்டியது. தத்துவார்த்த சூத்திரம் இவ்விரதத்துக்கு நேரும் மீறல்களை எண்ணும்போது, திருடிவந்ததை வாங்கிக்கொள்வதையும் போலியை மெய்யென்று கைமாற்றுவதையும் சேர்த்தே எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையின்படி, தரவு எவ்வாறு வந்தது என்று கேளாமல் அதை வாங்கியவர்களும் குற்றத்துக்குப் புறம்பானவர்கள் அல்லர்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஒரு தளம் தீங்கானதா என்று சொல்லவேண்டுமானால் அதன் முகவரி காவலருக்குத் தெரியத்தானே வேண்டும்? தெரியத்தான் வேண்டும், எனினும் எவ்வளவு என்பதே கேள்வி. கூகுளின் பாதுகாப்பான உலாவல் சேவை குரோமில் 2024 வரை தன் இயல்பான நிலையில், தீங்கான முகவரிகளின் சுருக்கக் குறியீடுகளில் ஒரு பகுதியைப் பயனரின் கணினியிலேயே வைத்து ஒப்பிட்டு, ஐயம் எழும்போது மட்டுமே, அதுவும் முழு முகவரியைச் சொல்லாமல், வெளியே வினவும்படி அமைக்கப்பட்டிருந்தது. காவலுக்குத் தேவையானது இவ்வளவே என்று தெரிந்தபின், அதற்கு மேல் எடுக்கப்படுவதைக் காவலின் பெயரால் நியாயப்படுத்த இயலாது.

‘நிறுவும்போது அவர் மறுக்கவில்லையே’ என்னும் வாதம் இதைவிட வலுக்குறைந்தது. முன்பே டிக் இடப்பட்ட பெட்டியை நீக்காமல் விடுவது ஒப்புதலாகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019இல் பிளானெட்49 வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தெளிவான செயலால் தெரிவிக்கப்படும் ஒப்புதலையே ஏற்கிறது. கொடுத்தல் என்பது ஒரு செயல்; கவனியாமையைக் கொடையாகக் கணக்கிட முடியாது.

தரவைப் படியெடுத்தால் உரியவரிடம் அது குறைவதில்லையே என்பதுதான் உண்மையில் கடினமான வினா. தேரவாத பௌத்த உரைகள் திருட்டுக்கு ஐந்து கூறுகளைச் சொல்லி, பொருளை அப்புறப்படுத்துவதை இறுதிக் கூறாக வைக்கின்றன. அந்த அளவையின்படி படியெடுத்தல் திருட்டாகுமா என்பது விவாதத்துக்குரியது. பூஜ்யபாதரோ, புறப்பொருளை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், மனத்தின் கலங்கிய முனைப்போடு அச்செயல் நிகழுமாயின் அங்கே திருட்டு உண்டு என்கிறார். எடுக்கப்படும் பொருள் எடையற்றதாகிவிட்ட இக்காலத்துக்கு அவருடைய விளக்கமே கூடுதலாகப் பொருந்துகிறது.

அகற்றும் வேலை பெரும்பாலும் எளிது: உலாவியின் நீட்டிப்புகள் பக்கத்தில் ‘அகற்று’ என்பதை அழுத்தி, மாற்றப்பட்ட தேடுபொறியையும் முகப்புப் பக்கத்தையும் தனியே திருத்தி, காவல் மென்பொருளின் அமைப்புகளில் உலாவி சார்ந்த கூறுகளை நிறுத்தினால் போதும். அந்தப் பொத்தானே செயலிழந்து, உலாவி ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுவதாகச் சொந்தக் கணினியில் அறிவிப்பு தோன்றுமானால், விண்டோஸ் பதிவேட்டில் எழுதப்பட்ட கட்டாயக் கொள்கையையும் நீக்கவேண்டியிருக்கும். இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, தமக்கு ஒளிக்க ஒன்றுமில்லையே என்று ஒருவர் கருதலாம். ஆனால் இத்தகைய நீட்டிப்புகள் பெறும் அனுமதி பெரும்பாலும், செல்லும் தளங்கள் அனைத்திலும் உள்ள தரவு முழுவதையும் படிக்கவும் மாற்றவுமான அனுமதி. அத்தளங்களுள் மின்னஞ்சலும் அடக்கம். மின்னஞ்சலில் இருப்பவையோ பிறர் அவரை நம்பி எழுதியவை. தம்முடையதைக் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. தோழியின் மருத்துவச் செய்தியையும் தம்பியின் கடன் கணக்கையும் அவர்கள் அறியாமல் மூன்றாமவர்முன் திறந்துவைக்கும் உரிமை அவருக்குக் கொடுக்கப்படவில்லை.