பாதயாத்திரைக்கு ஃபில்டர் பாட்டில் கொண்டு போகலாமா? ஒரு சிந்தனை

 

தைப்பூசத்துக்கு மாலை போட்டவங்க எல்லாரும் இப்ப பையில என்னென்ன எடுத்து வைக்கணும்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருப்பீங்க. வேட்டி, துண்டு, டார்ச், கால் வலிக்குத் தைலம். இந்தப் பட்டியலில் இப்ப புதுசா ஒண்ணு சேர்ந்திருக்கு: ஃபில்டர் பாட்டில். எந்தத் தண்ணியைப் பிடிச்சு ஊத்தினாலும் வடிகட்டித் தரும் பாட்டில். மலையேறப் போறவங்க வாங்கிக்கிட்டு இருந்தது, இப்ப காவடி தூக்குறவங்க தோளிலும் தொங்குது.

எங்க குழுவில இதை வச்சு ஒரு பெரிய விவாதமே நடந்துச்சு. மூணு குற்றச்சாட்டு. ஒண்ணு, முருகன் மேல நம்பிக்கை இல்லாதவன்தான் இதைத் தூக்கிட்டு வருவான். ரெண்டு, வழியில அன்பா தண்ணி கொடுக்கிறவங்களை இது அவமானப்படுத்துது. மூணு, தான் மட்டும் நல்ல தண்ணி குடிச்சாப் போதும்ங்கிற சுயநலம் இது. மூணையும் கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பார்க்கலாம்.

முதல் விஷயம், நம்பிக்கை.

"முருகன் பாத்துக்குவான், உனக்கு எதுக்குய்யா பாட்டில்?"னு கேட்ட பெரியவர் பையில சர்க்கரை மாத்திரை இருக்கு. ராத்திரி நடைக்கு முதுகில ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கார். லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியணுமே! அதெல்லாம் நம்பிக்கைக் குறைவு ஆகாதுன்னா, பாட்டிலும் ஆகாது. செருப்பில்லாம நடக்கிறோமே, அது நாமா நேர்ந்துகிட்ட கஷ்டம். அதுக்குப் புண்ணியம் உண்டு. வயித்துப்போக்கு யாரும் நேர்ந்துகிட்ட விரதம் கிடையாது. நத்தம் தாண்டி ஒருத்தர் படுத்துட்டா, அவரோட காவடியை இன்னொருத்தர் தூக்கணும், அவருக்குத் துணையா ரெண்டு பேர் யாத்திரையை நிறுத்தணும். உடம்பைப் பாத்துக்கிறது கூட வர்றவங்களுக்குச் செய்யுற மரியாதை.

ஆனா பாட்டிலையே கடவுளாக்கிடக் கூடாது. அதுக்குள்ள இருக்கிறது மெல்லிய குழல் குழலான நூலிழைகள். அந்த இழைச் சுவரில் உள்ள துளை பெரும்பாலும் 0.1 முதல் 0.2 மைக்ரான் அளவு. ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காலரா, டைஃபாய்டு உண்டாக்கும் பாக்டீரியாக்களும், ஜியார்டியா மாதிரி ஒட்டுண்ணிகளும் அதைவிடப் பெரிசு. அதனால மாட்டிக்கும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் அதைவிட ரொம்பச் சின்னது. அது சாதாரண வடிகட்டியில் நழுவி வந்துடும். தண்ணியில கரைஞ்ச உப்பு, ஃபுளோரைடு, தோல் பதனிடும் ஆலைக் கழிவு, இதெல்லாம் அந்த இழையில் நிக்கவே நிக்காது. திண்டுக்கல் பக்கம் தோல் ஆலைக் கழிவால நிலத்தடி நீர் கெட்ட இடங்கள் உண்டு. அங்கே கிணத்துத் தண்ணியை இதில் ஊத்திட்டு "சுத்தமாயிடுச்சு"ன்னு நினைக்கிறது ஏமாற்றம்தான். கிருமி மேல சந்தேகம்னா ஒரு நிமிஷம் தளதளன்னு கொதிக்க வச்சா வைரஸும் செத்துப்போகும். கரைஞ்ச ரசாயனத்துக்குக் கொதிக்க வைக்கிறதும் மருந்தில்ல. அந்தத் தண்ணியை விட்டுடறதுதான் வழி.

ரெண்டாவது விஷயம்தான் மனசைத் தைக்கிறது.

காரைக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவங்களுக்குத் தெரியும். வழி நெடுக தண்ணீர்ப் பந்தல். பந்தல் போட வசதி இல்லாதவங்க வீட்டு வாசலில் ஒரு குடம், ஒரு சொம்பு வச்சுக்கிட்டு நிப்பாங்க. "குடிங்க சாமி"ன்னு கூப்பிடுவாங்க. போன தடவை அப்படி ஒரு வயசான அம்மா சொம்பை நீட்டினாங்க. எங்க குழுவில வந்த பையன் வாங்கி, நேரா தன் பாட்டிலில் ஊத்தி மூடியைத் திருகினான். அந்த அம்மா முகம் சுருங்கிப்போச்சு. "எங்க வீட்டுத் தண்ணி ஆகாதா சாமி?"ன்னு மெதுவா கேட்டாங்க.

அந்தக் கேள்விக்குப் பின்னால எத்தனை வருஷ வலி இருக்குன்னு நாம யோசிக்கணும். ஒருத்தர் கையால தண்ணி வாங்கிக் குடிக்கக் கூடாதுன்னு ஒதுக்கி வச்ச ஊர் இது. டீக்கடையில ரெட்டைக் குவளை வச்ச ஊர். பொதுக்குளத்தில் தண்ணி எடுக்கிற உரிமைக்காக 1927-ல் அம்பேத்கர் மகாட் ஊரில் ஆயிரக்கணக்கான ஜனங்களோட போய் அந்தக் குளத்துத் தண்ணியை அள்ளிக் குடிக்க வேண்டியிருந்த நாடு. அப்படி ஒதுக்கப்பட்ட வீட்டில் பிறந்தவங்களுக்கு, நீங்க கிருமிக்குப் பயப்படுறீங்களா, அவங்க கைக்குப் பயப்படுறீங்களான்னு எப்படித் தெரியும்? வெளியிலிருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அந்தப் பையன் நல்ல பிள்ளை. சட்டுனு சொன்னான்: "ஆத்தா, எங்க வீட்டுக் குழாய்த் தண்ணியையும் இதுலதான் ஊத்திக் குடிக்கிறேன். டைஃபாய்டு வந்து ஒரு மாசம் படுத்துட்டேன்." சொல்லிட்டு அங்கேயே நின்னு முழுசும் குடிச்சுட்டு, இன்னொரு சொம்பு கேட்டு வாங்கினான். "அப்ப சரி, நல்லா குடி சாமி"ன்னு அந்த அம்மா சிரிச்சாங்க.

இதில் நான் எடுத்துக்கிட்ட விதி இதுதான்: வடிகட்டுறதா இருந்தா எல்லாத் தண்ணியையும் வடிகட்டு. ஆளைப் பார்த்து, வீட்டைப் பார்த்து, தெருவைப் பார்த்து வடிகட்டாதே. பெரிய மண்டபத்தில் கொடுக்கிற தண்ணியை அப்படியே குடிச்சுட்டு, குடிசை வாசல் தண்ணிக்கு மட்டும் பாட்டிலைத் திறந்தா, அங்கே வடிகட்டப்படுறது கிருமி இல்லை.

ஔவைப் பாட்டிக்கு நாவல் பழம் உலுக்கிப்போட்ட கதை நமக்கெல்லாம் தெரியும். கீழே விழுந்த பழத்தை எடுத்து மண்ணை ஊதித்தான் பாட்டி சாப்பிட்டா. கொடுத்தவன் சாட்சாத் முருகன். ஊதினதுக்காக அவன் கோவிச்சுக்கல, "பழம் சுடுதா பாட்டி?"ன்னு கேலிதான் பண்ணினான். மண்ணை ஊதுறது கொடுத்தவனை அவமதிக்கிறது ஆகாது. பழத்தைத் தொடாம போயிருந்தா அதுதான் அவமரியாதை.

இன்னொரு சங்கடமும் இருக்கு. நீர்மோர், பானகம், கூழ் இதையெல்லாம் இந்தப் பாட்டிலில் ஊத்தக் கூடாது. இழை அடைச்சுக்கும். உடம்புக்கு ஒத்துக்கும்னா வாங்கிக் குடிங்க. ஒத்துக்காதவங்க கையெடுத்துக் கும்பிட்டு, ரெண்டு வார்த்தை நின்னு பேசிட்டு வாங்க. கொடுக்க வந்தவங்களுக்கு அந்த ரெண்டு வார்த்தையே நிறைவா இருக்கும்.

மூணாவது, சுயநலம். என் மனசில இதுக்குத்தான் கனம் அதிகம்.

நம்ம வழக்கப்படி ஒரு சொம்பில் பத்துப் பேர் அண்ணாந்து குடிப்போம், எச்சில் படாது. வாய் வச்சு உறிஞ்சுற ஃபில்டர் பாட்டிலை அடுத்தவருக்குத் தர முடியாது. அதன் அமைப்பே "எனக்கு மட்டும்"னு சொல்லுது. அதனால வாங்குறவங்க, பிதுக்கினா தண்ணி தாரையா விழுற வகையைப் பார்த்து வாங்குங்க. பக்கத்தில் நடக்கிறவர் கையிலும் ஊத்தலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. என் பாட்டிலில் தண்ணி சுத்தமாயிடுச்சுன்னா, குளம் எப்படிக் கிடந்தா எனக்கென்னன்னு தோண ஆரம்பிச்சிடும். செட்டிநாட்டுப் பக்கம் குடிதண்ணி ஊருணியில் காலை நனைக்க விடமாட்டாங்க. குளிக்க வேற குளம், குடிக்க வேற ஊருணி. இதில் பெரிய விஞ்ஞானம் இருக்கு. நரம்புச் சிலந்தி நோய் அப்படித்தான் பரவுச்சு. புண் வந்த காலை ஒருத்தர் தண்ணியில வச்சா, புழுவின் குஞ்சுகள் தண்ணியில இறங்கும், அதைக் குடிக்கிற ஊருக்கே நோய் வரும். துணியில வடிகட்டிக் குடிக்கிறது ஒரு பாதி, நோயாளி தண்ணியில கால் வைக்காம இருக்கிறது மறு பாதி. இப்படி ரெண்டையும் சேர்த்துச் செஞ்சுதான் அந்த நோயை ஒழிச்சாங்க. 2000-ல் இந்தியாவில் அந்த நோய் இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துச்சு.

இன்னொரு சேதி. வங்காளதேசக் கிராமங்களில் பழைய சேலைத் துணியைப் பல மடிப்பா மடிச்சுத் தண்ணியை வடிகட்டச் சொல்லிக் கொடுத்தாங்க. ரீட்டா கோல்வெல் என்ற விஞ்ஞானியின் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வு அது. காலரா ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சது. 2010-ல் வந்த தொடர் ஆய்வு இன்னும் அழகு. அக்கம்பக்கத்தில் நிறையப் பேர் வடிகட்டின இடங்களில், வடிகட்டாத வீடுகளிலும் நோய் குறைவா இருந்துச்சு. என் வயிறு நல்லா இருந்தா என்னால குளம் கெடாது, அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் அது காவல். அப்போ வடிகட்டுறதே சுயநலம்னு சொல்ல முடியாது. அதோட நிறுத்திக்கிறதுதான் சுயநலம்.

ஒரு நாளைக்கு நாலு பிளாஸ்டிக் பாட்டில்னு வச்சாலும் ஆறு நாள் நடையில ஒருத்தர் 24 காலி பாட்டிலைச் சாலையோரம் விட்டுட்டுப் போறார். அதுக்கு ஃபில்டர் பாட்டில் எவ்வளவோ மேல். ஆனா அதை வச்சிருக்கிறவரே சண்முக நதியில் குளிச்சுட்டு ஷாம்பு பாக்கெட்டையும் பழைய துணியையும் அங்கேயே விட்டுட்டு மலையேறினா என்ன பிரயோஜனம்? நாம கும்பிடப் போறவன் சரவணப் பொய்கையில் பிறந்தவன். தண்ணிதான் அவனுக்குத் தொட்டில்.

திருச்செந்தூர் நாழிக்கிணறு பார்த்திருப்பீங்க. கடல் பக்கத்திலேயே நல்ல தண்ணி. சூரனோட போர் முடிஞ்சு தாகத்தில் தவிச்ச படைவீரர்களுக்காக முருகன் வேலை ஊன்றி வரவழைச்ச ஊற்றுன்னு ஐதீகம். தனக்குன்னு ஒரு குடுவை நிரப்பிக்கிட்டு அவன் போயிடல. கூட வந்த அத்தனை பேருக்கும் ஊற்றைத் திறந்தான்.

அதனால பாட்டிலைத் தாராளமா எடுத்துக்கிட்டு வாங்க. ஆள் பார்க்காம எல்லார் கையிலும் வாங்கிக் குடிங்க. பக்கத்தில் வர்றவருக்கும் ஊத்துங்க. நமக்குப் பின்னால இன்னும் லட்சம் பேர் நடந்து வர்றாங்க, அவங்களும் இதே தண்ணியைத்தான் குடிக்கணும். அந்த நினைப்போட குளத்துப் படியிலிருந்து எழுந்திருங்க.

உங்க குழுவில இதைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு சொல்லுங்க. யாத்திரை போறவங்களுக்கு அனுப்பி வைங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!